எர்த்தைக் கழற்றினால் கீசர் சரியாகிவிடாது

கேள்வி: எங்கள் குளியலறையில் 25 லிட்டர் கீசர் இருக்கிறது, 2 கிலோவாட், ஆறு வருடப் பழசு. ஒரு மாதமாக சுவிட்சைப் போட்டு ஐந்து பத்து நிமிடத்தில் வீட்டு மின்சாரமே ட்ரிப் ஆகிவிடுகிறது. பார்க்க வந்தவர் கீசரின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டுப் போனார். ட்ரிப் ஆவது நின்றது. ஆனால் இரண்டு நாளுக்கு முன் என் மாமியார் குழாயைத் திறக்கும்போது விரலில் சுருக்கென்று இழுத்ததாகச் சொன்னார். காயில் போயிருக்கும் என்கிறார்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று 3 கிலோவாட் காயில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நானே மாற்றலாமா, எப்படி மாற்றுவது?

பதில்:

முதலில் எழுந்து போய் கீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக ஒயர் கொடுத்திருந்தால் வீட்டு மின் பலகையில் அதற்கான பிரேக்கரை இறக்கி, யாரும் ஏற்றாதபடி ஒரு டேப்பை ஒட்டுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாதா என்றால், போதாது. பெரும்பாலான சுவிட்சுகள் ஒரு கம்பியைத்தான் வெட்டும், அது பேஸ் கம்பிதான் என்பதற்கு உங்கள் வீட்டு ஒயரிங் செய்தவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

உங்கள் மாமியாருக்கு விரலில் இழுத்ததே, அது தற்செயல் இல்லை. காயிலில் இருந்து கசியும் மின்சாரம் தொட்டியின் உலோகத்துக்கும் தண்ணீருக்கும் போகிறது. எர்த் கம்பி இருந்தவரை அந்தக் கசிவு கம்பி வழியாக இறங்கியது, பலகையில் இருக்கும் ஆர்சிசிபி என்ற கசிவு தடுக்கும் பிரேக்கர் அதைக் கண்டுபிடித்து வெட்டியது. அதாவது அந்தக் கருவி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. கம்பியைக் கழற்றியதும் கசிவு நிற்கவில்லை, போக வழியில்லாமல் தொட்டியிலேயே காத்துக்கொண்டிருக்கிறது, ஈரக்கையோடு வெறுங்காலில் யார் குழாயைத் தொடுகிறார்களோ அவர்கள் வழியாக இறங்கப் பார்க்கிறது. வீடுகளில் போடும் ஆர்சிசிபி பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் வெட்டிவிடும், அதனால் ஆள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த 30 மில்லி ஆம்பியரை அளக்கும் கம்பியாக வீட்டு ஆட்களை நிறுத்துவது என்ன வைத்தியம்? எர்த்தைக் கழற்றி 'சரி பண்ணுகிற' ஆளை அடுத்த முறை கீசர் பக்கமே விடாதீர்கள். அந்தக் கம்பியை இன்றைக்கே அதன் இடத்தில் மாட்டுங்கள், கீசர் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

இனி காயில் விஷயம். காயில்தான் என்று எல்லோரும் சொல்வதால் அது காயிலாகிவிடாது, அளந்து பார்க்காமல் வாங்குவது வீண் செலவு. ட்ரிப் ஆனது எது என்று முதலில் கவனியுங்கள். டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் உள்ள பிரேக்கர் இறங்கியிருந்தால் அது கசிவு. பட்டன் இல்லாத சாதாரண எம்சிபி இறங்கியிருந்தால் ஷார்ட் அல்லது அதிக சுமை, சில நேரம் அதன் திருகு தளர்ந்து கருவியே சூடாகி இறங்குவதும் உண்டு. வீடு மொத்தமும் போகிறது, எர்த்தை எடுத்ததும் நின்றுவிட்டது என்கிறீர்கள், ஆகவே உங்களுடையது கசிவு. காயிலின் உள்கம்பி அறுந்து மட்டும் போயிருந்தால் ட்ரிப்பே ஆகாது, தண்ணீர் சுடாமல் சும்மா கிடக்கும். இதில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: காயில் நியூட்ரல் முனைப் பக்கமாகக் கசிந்தால் கீசர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதுகூட ஆர்சிசிபி இறங்கும். வீட்டில் ஓடும் ஃபேன், ஃபிரிட்ஜ் இவற்றின் நியூட்ரல் மின்சாரத்தில் ஒரு பங்கு கீசர் வழியாக எர்த்துக்குப் பிரிந்து போய்விடுவதுதான் காரணம். 'சுவிட்ச் போடவே இல்லை, அப்படியும் ட்ரிப் ஆகிறது, அப்போ கீசர் இல்லை' என்று முடிவு கட்டிவிட்டு வீடு முழுக்கச் சுவரை நோண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் வேண்டும். நியான் விளக்கு எரியும் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், அது எரிந்தால் மின்சாரம் இருக்கலாம், எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. மீட்டர் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். நேரடி ஒயரிங்காக இருந்தாலும் அப்படித்தான். சில நாடுகளில் அந்த இணைப்பை உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கீசருக்கு வாரன்டி பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், மூடியைத் திறந்த பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை.

கீசரின் கீழ் மூடியைக் கழற்றினால் காயிலின் இரண்டு முனைகள் தெரியும், அவற்றிலிருந்து இரண்டு ஒயர்களையும் எடுத்துவிடுங்கள், எடுப்பதற்கு முன் ஃபோனில் ஒரு படம். இப்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் காயில் என்றால் சுமார் 26 ஓம் வர வேண்டும், 1.5 கிலோவாட்டுக்கு 35, 3 கிலோவாட்டுக்கு 17 அல்லது 18. ஒன்றிரண்டு ஓம் முன்பின் இருந்தால் கவலையில்லை. அடுத்ததுதான் முக்கியமானது: ஒரு முனைக்கும் காயிலின் வெளிக்குழாய் அல்லது காயில் பொருத்தியிருக்கும் உலோக அடித்தட்டுக்கும் நடுவே, மீட்டரை அதன் மிக உயர்ந்த ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. ஒரு மெகா ஓமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்குக் கீழே ஏதாவது எண் வந்து நின்றால் அந்தக் காயில் முடிந்தது. 7.5 கிலோ ஓமுக்கும் கீழே போனால் கணக்குப்படியே 30 மில்லி ஆம்பியர் தாண்டிவிடும்.

உங்கள் கீசர் போட்டவுடன் ட்ரிப் ஆகாமல் ஐந்து பத்து நிமிடம் கழித்து ஆகிறது, அதனால் ஆறிப்போன காயிலில் மீட்டர் எல்லாம் சரி என்று காட்டிவிடக்கூடும். காயில் என்பது வெறும் கம்பி இல்லை. நடுவில் நிக்ரோம் சுருள், அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கமாக அடைத்து, வெளியே செம்பு அல்லது எஃகுக் குழாய். அந்தப் பொடிதான் மின்சாரத்தைத் தடுத்துச் சூட்டை மட்டும் வெளியே விடுகிறது. வெளிக்குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் ஈரம் உள்ளே போகும், பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சூடு ஏறும்போது விரிசல் இன்னும் வாய் திறக்கும், கசிவு கூடும். சாதாரண மீட்டர் சில வோல்ட்டை வைத்து அளக்கும் கருவி, 230 வோல்ட்டில் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், காயிலைக் கழற்றியபின் எடுத்துப்போய்க்கூட அளந்து வாங்கலாம். இதே காரணத்தால் புதுக் காயிலையும் மாட்டும் முன் அளக்க வேண்டும். ஈரமான இடத்தில் வெகுநாள் கிடந்த காயில் புதிதாக இருந்தாலும் கசியும்.

அளவு காயிலைக் குற்றம் சொல்லவில்லையா? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும், சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டும் கட்அவுட்டையும், அடித்தட்டையும் பாருங்கள். அடித்தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் கசிந்து முனைகளின் மேல் சொட்டினாலும் இதே மாதிரி ட்ரிப் ஆகும், முனையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அதுதான் கதை. அந்த ஈரம் அடித்தட்டிலிருந்து வராமல் தொட்டியின் உடம்பிலிருந்தே வந்தால், அல்லது சுடுதண்ணீர் துருவேறிப் பழுப்பாக வந்தால், காயிலுக்குச் செலவு செய்யாதீர்கள். தொட்டி ஓட்டை விழுந்த கீசரைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது, புதிதாக வாங்கிவிடலாம்.

காயில்தான் என்று உறுதியானால் மாற்றும் வேலை உண்மையில் பெரிய வேலை இல்லை, பாதி நேரம் தண்ணீரை இறக்குவதற்கே போகும். சூடு ஆறும்வரை காத்திருங்கள், ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் ஆரம்பித்தால் நல்லது. கீசருக்கு வரும் குளிர்ந்த தண்ணீர் வால்வை மூடுங்கள், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தே விடுங்கள். காற்று உள்ளே போகாமல் தண்ணீர் கீழே இறங்காது. தண்ணீர் உள்ளே வரும் வழியில் பாதுகாப்பு வால்வு இருக்கும், அதில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் அமைப்பும் சேர்ந்திருப்பதால் இணைப்பைச் சும்மா தளர்த்தினால் தொட்டி காலியாகாது, அந்த வால்வின் சின்ன நெம்புகோலைத் தூக்கிவிட வேண்டும், அல்லது வால்வையே கழற்ற வேண்டும். எல்லாம் இறங்கிவிட்டது என்று தோன்றும்போதும் அடியில் ஒன்றிரண்டு லிட்டர் பாக்கி இருக்கும். அடித்தட்டின் கடைசி நட்டைக் கழற்றும் முன் கீழே வாளி வைக்காதவர்கள் நனைவார்கள்.

தெர்மோஸ்டாட் நீளமான கம்பியாக ஒரு குழாய்க்குள் செருகியிருக்கும், அதை முதலில் நேராக உருவி எடுங்கள், வளைத்துவிடாதீர்கள். நட்டுகளைக் கழற்றியதும் அடித்தட்டு காயிலோடு சேர்ந்து வரும், வராவிட்டால் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். உப்புத்தண்ணீர் வரும் வீடாக இருந்தால் காயிலே கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையும் பழுப்புமாகச் செதில் செதிலாக ஏறி, விரல் மொத்தம் இருந்த குழாய் மணிக்கட்டு மொத்தத்துக்கு வந்திருக்கும், லேசாகத் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழும், தொட்டியின் அடியிலும் கைப்பிடி கைப்பிடியாகக் கிடக்கும்.

அங்கேதான் உங்கள் காயில் ஏன் போனது என்பதற்கு விடை இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாகப் படிகிறது, படியும் இடம் எது அதிகச் சூடோ அதுதான். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் பிடித்து வைக்கும், உள்ளே இருக்கும் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி, ஓரிடத்தில் வெடிக்கும். கீசரில் இருந்து படபடவென்று பொரிகிற சத்தம் கொஞ்ச நாளாக வந்திருக்குமே? அது படிவத்துக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதிக்கும் சத்தம். அந்தப் படிவத்தை அப்படியே விட்டுப் புதுக் காயிலை மாட்டினால் அதுவும் சீக்கிரம் இதே வழியில் போகும். தொட்டிக்குள் கையால் எட்டிய வரை வாரி எடுங்கள், வால்வைக் கொஞ்சம் திறந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். கரண்டி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு சுரண்டாதீர்கள், உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தால் அது பெயர்ந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டும் வேண்டாம். அடித்தட்டில் ஒட்டியதைக் கரைக்க வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ போதும், பொறுமையாக ஊற வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடித்தட்டில் காயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி நிற்கும், ஆனோடு என்பார்கள், மக்னீசியத்தால் ஆனது. தண்ணீர் அரிக்க வேண்டிய தொட்டிக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பதுதான் அதன் வேலை. பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, நடுவில் உள்ள மெல்லிய எஃகுக் கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். காயிலை மட்டும் மாற்றி இதை விட்டுவிடுவது எனக்குப் புரியாத சிக்கனம், அடித்தட்டைக் கழற்றிய பாடு பட்டாகிவிட்டது, அப்புறம் எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும்? கேஸ்கெட்டும் அப்படித்தான், பழையது பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள்.

3 கிலோவாட் காயிலுக்கு வருகிறேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2 கிலோவாட் 8.7 ஆம்பியர் எடுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர். ஆறு வருடமாக 8.7 ஆம்பியருக்குப் பழகிய ஒயர், பிளக், தெர்மோஸ்டாட் தொடுமுனை எல்லாமே ஒன்றரை மடங்கு சுமையைத் தாங்க வேண்டும், அதில் எது பலவீனமோ அது உருகும். லாபம் என்ன? 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்கு 25 லிட்டரைச் சூடாக்க 2 கிலோவாட்டில் ஏறக்குறைய 30 நிமிடம், 3 கிலோவாட்டில் 20 நிமிடம். பத்து நிமிடம் முன்னால் சுவிட்சைப் போட்டால் தீர்ந்தது. அதோடு அதே நீளக் காயிலில் வாட்டை ஏற்றினால் குழாயின் மேற்பரப்பு இன்னும் சூடாகும், சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும். இப்போது சூடாக வெகு நேரம் ஆகிறது என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள், 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் 2 கிலோவாட் காயில் சுமார் 1.5 கிலோவாட்தான் கொடுக்கும்.

வாங்கும்போது பழைய காயிலையே கையில் எடுத்துப் போங்கள். வாட்டும் வோல்ட்டும் பொருந்தினால் மட்டும் போதாது, அடித்தட்டின் ஓட்டைகள், காயிலின் வளைவு, நீளம், தெர்மோஸ்டாட் செருகும் குழாய், ஆனோடு திருகும் இடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். உப்பு அதிகமான தண்ணீருக்கு வெறும் செம்புக் குழாயைவிட இன்கோலாய் என்ற நிக்கல் கலந்த உலோக உறை போட்ட காயில் கூடுதல் நாள் தாங்கும், உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மாட்டும்போது கேஸ்கெட் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்குங்கள், நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஒரே பக்கம் முழுதாக முறுக்கினால் மறுபக்கம் தட்டு தூக்கிக்கொண்டு சொட்டும். ஒயரை இன்னும் மாட்ட வேண்டாம். சுடுதண்ணீர்க் குழாய் திறந்திருக்க, குளிர்ந்த தண்ணீர் வால்வைத் திறந்து தொட்டியை நிரப்புங்கள். முதலில் காற்றாகச் சீறும், அப்புறம் விட்டுவிட்டுத் துப்பும், கடைசியில் இடைவெளியில்லாமல் ஒரே சீராக ஓடும், அதுவரை காத்திருங்கள். குழாயை மூடி அரை மணி நேரம் அடித்தட்டைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் மறுபடி ஒரு முறை காயிலுக்கும் தொட்டிக்கும் நடுவே அளந்துவிட்டு, அப்புறம்தான் ஒயர். தண்ணீர் நிரம்பாத தொட்டியில் ஆர்வமாக சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் புதுக் காயில் அங்கேயே எரிந்துபோகும், அதற்கு வாரன்டி தர மாட்டார்கள்.

ஒயர் முனைகள் கருகியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக், அதாவது ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை, அடித்து மாட்டுங்கள். தளர்ந்த முனைதான் சூடாகிக் கருகுகிறது, காயில் பழுது என்று வருவதில் கணிசமானவை இதுதான். எர்த் கம்பி அதன் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்பதை இழுத்துப் பாருங்கள், பிறகு பிளக்கின் எர்த் முனைக்கும் தொட்டி உலோகத்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்பது தனிக் கேள்வி, அதையும் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். கட்அவுட் பட்டன் வெளியே வந்திருந்தால் உள்ளே அழுத்திவிடுங்கள். அது திரும்பத் திரும்ப வெளியே வந்தால் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டு வெட்டாமல் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும், கட்அவுட்டை நேராக இணைத்துவிடும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தொட்டியில் அழுத்தத்தோடு கொதிக்கும் தண்ணீர் விளையாட்டில்லை, பாதுகாப்பு வால்வில் சொட்டுகிறதே என்று அதை அடைத்து வைக்கும் பழக்கமும் இதே ரகம்தான்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகச் சுண்ணாம்பு வேகமாகப் படியும், 50க்குக் கீழே வைத்தால் தேங்கிய வெந்நீரில் லெஜியோனெல்லா மாதிரி கிருமிகள் வளர இடம் கிடைக்கும். குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் கலந்துகொள்ளலாம், 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும், வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் குழாயில் கலந்து வருவதற்கு ஒரு மிக்சர் வால்வு போடுவது நல்லது.

முதல் முறை ஓட விடும்போது அரை மணி நேரத்தில் சுமார் 60 டிகிரி வந்து கீசர் தானாக அணைந்தால் வேலை சரி. ஆறியபின் அடித்தட்டு நட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி கொஞ்சம் முறுக்குங்கள், கேஸ்கெட் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அழுத்தினால் இறங்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மறுபடி ட்ரிப் ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பிடுங்கினால் நிற்கிறது என்றால் கோளாறு இன்னும் கீசருக்குள்தான், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பக்கத்து ஒயர் உலோகத்தில் உரசிக்கொண்டிருக்கும். பிடுங்கியும் ட்ரிப் ஆகிறது என்றால் கீசரை விட்டுவிடுங்கள், பிளக் பாயின்ட்டில் இருந்து பலகை வரை சுவருக்குள் போகும் ஒயரை அளக்க வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வந்து பார்க்க வேண்டிய வேலை, எர்த்தைக் கழற்றாத எலக்ட்ரீஷியனாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.